வண்டியை எந்த ஊரில் நிறுத்துவது?

சொந்தத்தில் ஒரு மோட்டார் வண்டி வந்து சேர்ந்தால், கூடவே இரண்டு வியாதிகளும் வந்து சேருகின்றன. ஒன்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவது. மற்றொன்று, விடுமுறை என்றால் எங்கேயாவது போயே தீரவேண்டும் என்று துடிப்பது. பிறர் ஓட்டிச் சலித்த ஒரு சிறு காரை நாம் நாற்பத்து மூன்றாம் வயதில் வாங்கினோம். முதல் வியாதி முதல் மாதத்திலேயே பிடித்துக்கொண்டது. இரண்டாவது, அரையாண்டுப் பரீட்சை விடுமுறைக்குக் காத்திருந்தது.

மலைவாசஸ்தலங்களுக்குப் போகும் எண்ணம் நமக்கு இல்லை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்த சிநேகிதர்கள், அங்கே தாங்கள் பார்த்த மற்ற வண்டிகளைப் பற்றித்தான் அதிகமாக வர்ணிக்கிறார்கள். அயல்நாட்டுக் கிராமப்புறங்களின் படங்களைச் சுவரில் மாட்டி வைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் உள்ள ஓடை, வயல், மலை, கோயில் மணிக்கூண்டு எல்லாம் நம் நாட்டில் பத்துக் கல் தொலைவுக்குள் கிடைக்கக்கூடியவை. மணிக்கூண்டுக்குப் பதில் கோபுரம் இருக்கும், அவ்வளவுதான். ஒரு கிராமத்தில் ஒரு வாரம் தங்கி, தினம் ஒரு திசையாக வண்டியை ஓட்டிச் சென்று, இருட்டுவதற்குள் அதே வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்று தீர்மானித்தோம். தினம் ஓர் ஊரில் இறங்கி, பெட்டியைப் பிரித்து, மறுபடி கட்டி, மறந்த சோப்புக்காக வருந்தும் துன்பம் இதில் கிடையாது.

தென்பொதிகையின் அடிவாரம் என்பதிலும் வீட்டில் அபிப்பிராய பேதம் இல்லை. தந்தையார் காலமான பிறகு நம் தாயார் இரண்டு வருஷமாக மதுரையை விட்டு வெளியே காலடி வைக்கவில்லை. எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. "தாமிரபரணித் தண்ணியில ஒரு தடவை முங்கி எந்திரிச்சா போதும்யா, வேற ஒண்ணும் கேக்கல" என்று ஒரு நாள் சொன்னார். ஆகவே பிரயாணத்தின் நோக்கம் அதுதான். ஆனால் நோக்கம் வேறு, ஏற்பாடு வேறு என்பதை நாம் ஒரு வருஷம் கழித்தே தெரிந்துகொண்டோம்.

முதல் வருஷம் நாம் செய்ததைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா? தேசப்படத்தை விரித்து, பார்க்க விரும்பிய இடங்களையெல்லாம் குறித்து, காம்பஸை ஊன்றி ஒரு வட்டம் போட்டோம். பெயர் பெற்ற ஊர் குற்றாலம், வட்டத்துக்குள் இருந்தது, அங்கேயே ஒரு விடுதியில் அறை பதிவு செய்தோம். காம்பஸுக்கு இரண்டு விஷயங்கள் தெரியாது. மேற்குப் பாதி வட்டம் முழுவதும் மலை. அங்கே சாலை அதிகம் கிடையாது. மார்கழி மாதத்தில் குற்றாலம் நம்முடையதல்ல, சபரிமலை யாத்திரிகர்களுடையது. செங்கோட்டை வழியாக மலை ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பேரருவியில் நீராடிவிட்டுத்தான் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? விரதம் இருந்து வருகிறவர்கள் அவர்கள். அறை வாடகையில் தள்ளுபடி கேட்டு வந்தவர்கள் நாம். அதிகாலை மூன்று மணிக்குப் பேருந்துகளின் ஊதல் கேட்டு எழுந்தால் பிறகு தூக்கம் வராது.

அறை இரண்டாவது மாடியில் இருந்தது. பதிவு செய்யும்போது அதைக் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. தாயார் ஒரு தரம் ஏறினார். அப்புறம் மூன்று நாளும் இறங்கவில்லை. நாங்கள் தினமும் காலையில் புறப்பட்டு, திருக்குற்றாலநாதர் கோயில், சித்திர சபை, தென்காசிக் கோபுரம், ஐந்தருவி என்று சுற்றிவிட்டு, இரவு எட்டு மணிக்கு இட்டிலிப் பொட்டலத்துடன் திரும்புவோம். தாயார் அந்த மூன்று நாளில் கண்ட அருவி, ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்த விளம்பரப் பலகையில் எழுதியிருந்த அருவி ஒன்றுதான். ஊர் திரும்பும்போது ராஜபாளையம் தாண்டிய பிறகு, பின் ஆசனத்திலிருந்து, கோபமில்லாத குரலில், "வீட்டிலயே இருந்திருந்தா உங்களுக்கும் இட்டிலிக் காசு மிச்சமாயிருக்கும்" என்றார். வண்டியில் யாரும் அப்புறம் பேசவில்லை. மதுரை வரும் வரையில் நாம் கியரை மாற்றுவதிலேயே மிகுந்த கவனம் செலுத்தினோம்.

அந்த வருஷம் முழுவதும் அந்த வாக்கியம் நம்மைத் தொந்தரவு செய்தது. நாம் எங்கே தவறினோம் என்று யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் புலப்பட்டது. வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்குத் தங்கும் ஊர் எதுவாக இருந்தால் என்ன? அவர்கள் அங்கே தூங்க மட்டுந்தான் போகிறார்கள். தங்கும் ஊர், வண்டியில் ஏறாமல் பின்னால் தங்குகிறவருக்காக ஏற்பட்டது. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்: முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரி, பரீட்சைக்குப் படிக்கிற பையன். அந்த ஒருவருக்கு, மற்றவர்கள் இல்லாத பகற்பொழுதில், இந்த ஊர் என்ன தரும் என்பதே கேள்வி. நாம் காம்பஸை மேஜைக்குள் போட்டுப் பூட்டினோம்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, போன வருஷம் சிறப்பாகத் தோன்றிய ஊர்கள் சில உதிர்ந்துவிட்டன. தென்காசி நாற்புறமும் சாலை பிரிகிற ஊர். 2019 நவம்பரிலிருந்து ஜில்லாத் தலைநகரமும் ஆகிவிட்டது. வண்டிக்கு மிகவும் ஏற்றது. ஆனால் கிழவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டுமானால் புழுதியைத்தான் பார்க்க வேண்டும். பாபநாசத்தில் கோயில் வாசலிலேயே தாமிரபரணி ஓடுகிறது. அதைவிட வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் பரிகாரம் என்று சொல்லி, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறவர்களின் புண்ணியத்தால், படித்துறையில் காலை வைத்தால் கந்தல் சுற்றிக்கொள்கிறது. கல்லிடைக்குறிச்சி அழகான ஊர்; நீண்ட தெருக்கள், கன்னடியன் கால்வாய், அப்பள மணம் எல்லாம் உண்டு. அங்கே நமக்கு வாய்த்த வீட்டுக்கு ஏழு படி இருந்தது. ஏழு படி என்பது முழங்காலுக்கு எழுபது படி.

கடைசியில் மிஞ்சியது ஆழ்வார்குறிச்சி. அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் இடையே, ரயில் பாதையும் சாலையும் இருக்கும் ஊர். நம்மிடம் முன்பு படித்த பிள்ளை ஒருவன் தன் அத்தையின் வீட்டில் முன்கட்டு காலியாக இருப்பதாகச் சொன்னான். இந்தத் தடவை நாம் வாடகையைக் கடைசியாகத்தான் கேட்டோம். முதலில் கேட்டவை: வாசலில் எத்தனை படி? கழிப்பிடம் உட்காரும் வகையா, குந்தும் வகையா? ஆற்றுக்கு எத்தனை தூரம், படித்துறையில் பிடித்துக்கொள்ளச் சுவர் உண்டா? தெருவில் வண்டியை நிறுத்தினால் யார் வீட்டு வழி அடைபடும்? இரவில் நெஞ்சு வலித்தால் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நேரத்தில் போகலாம்? பையன் நாம் வீடு வாங்கப் போவதாகவே நினைத்துவிட்டான். ஆனாலும் பொறுமையாக, அத்தையைப் படித்துறைக்கே அனுப்பி, படிகளை எண்ணிச் சொன்னான். வண்டி நிற்பதற்குத் தெருக்கோடியில் ஒரு வேப்பமரத்தடி கிடைத்தது. வீட்டு வாசல் வரை வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால், கிராமங்களில் பாதிச் சச்சரவு இல்லை.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி சுமார் 160 கிலோ மீட்டர். அங்கிருந்து தெற்கே திரும்பியதும் சாலையின் குணமே மாறிவிடுகிறது. வலப்புறம் மலை கூடவே வருகிறது. இடப்புறம் பிசான நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. இந்தச் சீமையில் ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுப்பது கார், ஐப்பசிக்கு மேல் நடுவது பிசானம். "கார் எப்படி?" என்று ஒரு பெரியவர் டீக்கடையில் விசாரித்தபோது, நம் வண்டியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "கொஞ்சம் பழசு, ஆனால் ஓடுகிறது" என்று நாம் விடை சொன்னோம். அவர் பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. சிம்ஸன் முதலிய கம்பெனிகளைத் திரட்டி வளர்த்து, சென்னையில் மோட்டார்த் தொழிலுக்கு அடிகோலியவர்களில் ஒருவரான அனந்தராமகிருஷ்ணன், 1905ல் இந்த ஆழ்வார்குறிச்சியில்தான் பிறந்தார். இதே மலைத்தொடரின் அடியில் தெற்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருக்குறுங்குடி, டி.வி.எஸ். ஸ்தாபனத்தை நிறுவிய சுந்தரம் ஐயங்கார் 1877ல் பிறந்த ஊர். கழுதையும் வில்வண்டியும் போய்க்கொண்டிருந்த இந்தத் தெருக்களிலிருந்து இரண்டு பேர் கிளம்பித் தென்னாட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் ஊருக்கு நாம் பழைய காரில் வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது.

இங்கே ஓடுவது தாமிரபரணி அல்ல, கடனா நதி. சிவசைலத்துக்கு மேலே மலையிலிருந்து இறங்கி வருவது. இதைத் தாயாரிடம் எப்படிச் சொல்வது என்று நமக்குக் கவலையாகத்தான் இருந்தது. தாமிரபரணி என்று சொல்லி அழைத்து வந்து, வேறு ஆற்றைக் காட்டுவது கொஞ்சம் மோசடிதானே? முதல் நாள் மாலை படித்துறையில் இறக்கிவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். தாயார் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இது எங்க போகுது?" என்று கேட்டார். "தாமிரபரணியில்தான் போய் விழுகிறது" என்றோம். "அப்ப என்ன? முன்னாடியே குளிச்சுட்டேன்னு வச்சுக்க" என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். சுவரைப் பிடிக்கக்கூட இல்லை.

வெளியே சுற்றுவதற்கு நாம் வகுத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டும். பகல் ஒரு மணிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். இதற்காகத் திரும்பும் நேரத்தையும் கணக்கிட்டு, 40 கிலோ மீட்டருக்கு அப்பால் எங்கும் போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இந்தப் பக்கத்தில் அது போதும் என்பதற்குச் சில இடங்களைச் சொல்கிறோம்.

சிவசைலம் பக்கத்திலேயே இருக்கிறது. சிவசைலநாதர் மேற்கு நோக்கி, மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். சந்நிதி நந்தியோ, முன்காலை ஊன்றி இதோ எழுந்துவிடப் போகிறது என்று தோன்றும்படி அமைந்தது; நம் பையன் அதன் முன்னே நின்று, அது எழுந்திருக்கக் காத்திருந்தான். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் கோயில் என்றே எண்ணுவார்கள், அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போகிறவர்களிலும் இரு மதத்தாரும் உண்டு. இதைப் பற்றி யாரும் அங்கே பிரசங்கம் செய்வதில்லை. விளக்குக்கு எண்ணெய் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கடையத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்கினோம். பாரதியார் மனைவி செல்லம்மாளின் பிறந்த ஊர் அது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையிலிருந்த பாரதியார், டிசம்பரில் விடுதலையாகி இங்கேதான் வந்து சேர்ந்தார். 1920ல் மறுபடியும் 'சுதேசமித்திர'னுக்குப் போகும் வரை இங்கே இருந்தார். தம் நூல்களையெல்லாம் வரிசையாக அச்சிட்டு நாடு முழுவதும் பரப்பவேண்டும் என்று, பண உதவி கேட்டு நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதியது இங்கிருந்துதான். பணம் வந்து சேரவில்லை. ஊருக்கு மேற்கே மலையடியில் வில்வவனநாதரும் நித்யகல்யாணியும் எழுந்தருளிய கோயில் இருக்கிறது. பாரதியார் தனியே போய் உட்காரும் இடம் அது. நாம் போன வேளையில் அங்கே குரங்குகளைத் தவிர வேறு யாரும் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் பெண், பாடப் புஸ்தகத்தில் அவருடைய வாழ்க்கையை ஒரு பக்கத்தில் மனப்பாடம் செய்தவள், "இங்கே இருந்தப்போ அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். முப்பத்தாறு, முப்பத்தேழு என்று நாம் சொன்னதும் நம் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவள் என்ன கணக்குப் போட்டாள் என்று நாம் விசாரிக்கவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் குலசேகரமுடையார் கோயிலுக்கு அவசியம் போகவேண்டும். இந்தக் கோயில் நடராஜர் 1982ல் திருட்டுப் போனார். பல வருஷம் ஆஸ்திரேலியாவில் ஒரு காட்சிச்சாலையில் கண்ணாடிக்குப் பின்னே நின்றார். 2019ல் ஊர் திரும்பினார். நம் தேசத்துச் செல்வம் வெளியே போன கதைகள் ஏராளம் கேட்டிருக்கிறோம். திரும்பி வந்த கதை அபூர்வம். அன்று வரவேற்கத் தெருவே திரண்டு நின்றது என்று ஊரார் இன்னும் சொல்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே போனால் வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று வரிசையாக ஊர்கள். காருகுறிச்சி என்றால் நாதஸ்வரம் அருணாசலம். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்துக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்துப் பாய் நெய்கிறார்கள். உயர்ந்த ரகம் பட்டுப்போல் மடியும். விலையைக் கேட்டதும் நாம் சிறிது யோசித்தோம். நெய்கிற அம்மாள் ஒரு நாளில் எத்தனை விரற்கடை நெய்ய முடிகிறது என்று காட்டிய பிறகு, பேரம் பேச வாய் வரவில்லை. நடுத்தர ரகத்தில் ஒன்று வாங்கினோம். ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர் பிறந்ததும் இந்த ஊர்தான்.

பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவிக்குப் போகிறவர்கள், அது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது என்பதை ஞாபகத்தில் வைக்கவேண்டும். 1988ல் ஏற்பட்டது, தமிழ்நாட்டில் முதலாவது. வனத்துறைச் சாவடியில் வண்டியைச் சோதித்துப் பிளாஸ்டிக் சாமான்களை வாங்கிக்கொள்கிறார்கள். மாலையில் வாசலை அடைத்துவிடுகிறார்கள். நமக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர் சாவடிச் சிப்பந்தியோடு ஒரு தண்ணீர்ப் புட்டிக்காகக் கால் மணி நேரம் வாதம் செய்தார். புட்டியின் விலை இருபது ரூபாய் இருக்கும். மணிமுத்தாறு அணை காமராஜர் முதல் மந்திரியாயிருந்தபோது, 1958ல் முடிந்தது. அணையின் மேல் நின்றால் மலையும் தண்ணீரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. செங்கோட்டைக்கும் போய் வாஞ்சிநாதனை வணங்கிவிட்டு வந்தோம். குற்றாலத்தைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டோம். இந்தத் தடவை அதன் பக்கமே வண்டியைத் திருப்பவில்லை.

அருவியும் ஆறும் உள்ள இடங்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைக் கொண்டுபோய்விட்டது. 2023 டிசம்பரில் இந்தச் சீமை முழுவதுமே வெள்ளக்காடாயிற்று. தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சங்கிலி கட்டியிருக்கிறதா, போலீஸ்காரர் இருக்கிறாரா என்று பார்க்காமல் கரையேறிவிட வேண்டும். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இப்படி நாங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது தாயார் என்ன செய்தார் என்பதுதானே விஷயம்? முதல் நாள் நாம் திரும்பி வந்தபோது திண்ணையில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாம் நாள் ஐந்து பேர். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர், நம் தாயாரைவிட மூன்று வயது மூத்தவர், காலை எட்டு மணிக்கே முறத்தோடு வந்துவிடுவார். "மதுரையிலெல்லாம் உளுந்தஞ்சோறு பொங்குவியளா?" என்று அவர் கேட்க, இவர் தெரியாது என்று சொல்ல, மூன்றாம் நாள் பகலில் நமக்குத் தோலுளுந்து போட்டுப் பொங்கிய சோறும் எள்ளுத் துவையலும் காத்திருந்தன. அடுப்பு இவருடையது, கைப்பக்குவம் அவருடையது. முழங்காலுக்கு உளுந்து நல்லது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். வைத்தியரின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. மாலையில் மலைக்குப் பின்னே சூரியன் சீக்கிரமே இறங்கிவிடுவதால், ஐந்து மணிக்கே தெருவில் நிழல் விழுந்துவிடும். இரண்டு கிழவிகளும் மெல்ல நடந்து படித்துறைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்புவார்கள். மதுரையில் இரண்டு வருஷமாகத் தெருமுனை வரையில்கூட நடக்க மாட்டேன் என்று சொன்னவர் அவர்.

நாம் ஒரு நாள் கொஞ்சம் பொறாமையோடு, "நாங்கள் பார்த்த இடத்தையெல்லாம் நீங்கள் பார்க்கவில்லையே" என்றோம்.

"நீங்க என்ன பாத்தீங்க? நந்தியப் பாத்தீங்க. நான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் தாயார். தந்தையாரைப் பற்றி இரண்டு வருஷமாக எங்களிடம் அவர் வாய் திறந்ததில்லை. அந்த ஆச்சியிடம் தினமும் பேசியிருக்கிறார் என்பது, அடுத்த நாள் ஆச்சி நம்மிடம், "உங்க அப்பாவுக்கு வெத்திலையில சுண்ணாம்பு கூடப் போச்சுன்னா கோவம் வருமாமே?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ஆமாம், வரும். நமக்கே அது மறந்துபோயிருந்தது.

கடைசி நாளுக்கு முதல் நாள் இரவு, தாயார் தாமாகவே, "நாளைக்கு வண்டியில எனக்கு எடமிருக்கா?" என்று கேட்டார். எங்கே என்று கேட்டோம். "நான் குளிச்ச தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு பாக்கணும்."

கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடம் திருப்புடைமருதூர். அங்கே நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. கோபுரத்தின் உள்நிலைகளில் பழைய வர்ணச் சித்திரங்களும் மரச் சிற்பங்களும் நிறைந்திருக்கின்றன. அனுமதி பெற்றுத்தான் ஏறவேண்டும். அன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதற்காக வருத்தப்படாமல் மருத மரங்களின் கீழே நடந்தோம். மரம் நிறையக் கொக்கும் நாரையும். ஊரார் தலைமுறை தலைமுறையாக அவற்றை விரட்டாமல் காத்து வந்ததால், 2005ல் சர்க்காரும் இந்த இடத்தைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தது. மரத்தடியில் குடையில்லாமல் நடப்பது உசிதமன்று என்பதைப் பையன் சட்டையில் அனுபவித்தான்.

தாயாரைப் படித்துறை மேடையில் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வருவதற்குள் பூக்காரப் பெண்ணிடம் ஸ்தல புராணம் முழுவதையும் கேட்டு முடித்திருந்தார். கருவூர்ச் சித்தர் ஆற்று வெள்ளத்தினால் இந்தக் கரைக்கு வர முடியாமல் அக்கரையில் நின்று கூப்பிட்டாராம். அது சரியாகக் கேட்பதற்காகச் சுவாமி ஒரு பக்கமாகச் சாய்ந்தாராம். இன்றைக்கும் லிங்கம் சாய்ந்தபடியே இருக்கிறது. "காது கொடுத்திருக்காரு" என்றார் தாயார். இரண்டு தண்ணீரும் கலக்கும் இடத்தைக் காட்டினோம். ஒன்று கொஞ்சம் மங்கல், ஒன்று தெளிவு. கொஞ்ச தூரம் போனதும் வித்தியாசம் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பகல் ஒரு மணிச் சாப்பாட்டு விதி அன்று காற்றில் பறந்தது. நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சாமான்களை வேப்பமரத்தடிக்குச் சுமந்து சென்று ஏற்றி, சாவியை அத்தையிடம் கொடுத்து, ஆச்சியிடம் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினோம். கடையம் தாண்டியதும் இல்லாள் பைகளை எண்ணிப் பார்த்து, "ஐயோ, அத்தையோட பித்தளைச் செம்பை விட்டுட்டு வந்துட்டோமே! வண்டியத் திருப்புங்க" என்று பதறினாள். தந்தையாரின் நாள் முதல் வீட்டிலிருக்கும் செம்பு அது. நாம் வேகத்தைக் குறைத்தோம்.

"திருப்ப வேண்டாம்யா. மறக்கல; ஆச்சிகிட்டக் குடுத்து வச்சிருக்கேன்" என்றார் தாயார் பின் ஆசனத்திலிருந்து. "அடுத்த அரைப்பரீட்சை லீவு எந்தத் தேதியில வருது?"